இணைப்புக்குள் நடக்கும் திருத்தம்

மின்னஞ்சலோடு வரும் ஆவணத்தைக் கணினியில் தனியே சேமிக்காமல், வந்த இடத்திலேயே திறந்து, நான்கு சொற்களை மாற்றி, பதிலுடன் திருப்பி அனுப்பிவிடும் வழக்கம் அலுவலகங்களில் இன்று இயல்பாகிவிட்டது. ஆயினும் கணினியியல் நோக்கில் பார்த்தால் இணைப்பு தன் இடத்தில் இருந்தபடியே திருத்தப்படுவது அநேகமாக எங்கும் இல்லை. எங்கோ ஒரு நகல் உருவாகிறது, திருத்தம் அந்த நகலில் நடக்கிறது, பிறகு அந்த நகல் அஞ்சலுக்குள் திரும்புகிறது அல்லது திரும்பாமலே போகிறது. சேமிக்கும் வேலையைப் பயனர் செய்யாதபோது வேறொரு நிரல் அதை அவருக்குத் தெரியாமல் செய்கிறது. அந்த நகல் எந்த இயந்திரத்தில், எந்தக் கோப்புறையில், யாருடைய பொறுப்பில் கிடக்கிறது என்பதைப் பொறுத்தே திருத்தியவரின் உழைப்பு நிலைப்பதும் தொலைவதும் அமைகின்றன.

இதை விளங்கிக்கொள்ளப் புணே நகரத்தின் கணினி வரலாறு நல்ல வழித்துணை. 1988இல் அந்நகரில் தொடங்கப்பட்ட மேம்பட்ட கணிப்பு வளர்ச்சி மையம், அதாவது சிடாக், 1991இல் வெளியிட்ட பரம் 8000 மீக்கணினியால் பெயர் பெற்றது. ஆனால் எழுதுவோருக்கும் அச்சிடுவோருக்கும் அந்நிறுவனத்தின் இன்னொரு பணிதான் நெருக்கமானது. கான்பூர் ஐஐடியில் தொடங்கிப் பின்னர் சிடாக்கில் வளர்ந்த ஜிஸ்ட் தொழில்நுட்பம், ஆங்கிலத்துக்கென வடிவமைக்கப்பட்ட கணினிகளில் இந்திய எழுத்துகளை உள்ளிடவும் காட்டவும் வழி செய்தது. அதன் அடிப்படையான இஸ்கி என்னும் குறியீட்டு முறை 1991இல் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐஎஸ் 13194 என்ற தரமாக ஏற்கப்பட்டது. (தமிழையும் தேவநாகரியின் சட்டகத்துக்குள்ளேயே அது அடுக்கியதும், யூனிகோடு அந்த அடுக்கையே பின்பற்றியதும், அதன்மேல் தமிழறிஞர்கள் பலர் இன்றுவரை குறை சொல்வதும் தனிக்கதை.)

இஸ்கி ஓர் எட்டு பிட் முறை. பிட் என்பது சுழியம் அல்லது ஒன்று என்னும் இரண்டு நிலைகளில் ஒன்றை ஏற்கும் மிகச் சிறிய தகவல் அலகு. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். ஒரு பைட்டில் 256 வேறுபட்ட எண்களைக் குறிக்கலாம். முதல் 128 இடங்களை ஆங்கில எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் விட்டுவிட்டு, எட்டாவது பிட் ஒன்றாக இருக்கும் மேல்பாதியில் இந்திய எழுத்துகளை இஸ்கி வைத்தது. மின்னஞ்சலோ ஏழு பிட் உலகில் பிறந்தது. ஜான் போஸ்டல் 1982 ஆகஸ்டில் வெளியிட்ட எஸ்எம்டிபி என்னும் அஞ்சல் கடத்தல் நெறிமுறை, கடிதத்தின் உடல் ஏழு பிட் ஆங்கில எழுத்துகளால் மட்டுமே ஆனதாகவும், ஒவ்வொரு வரியும் வரிமுடிவுக் குறிகளையும் சேர்த்து 1000 எழுத்துகளுக்கு மிகாததாகவும் இருக்க வேண்டும் என்று வரையறுத்தது. எட்டாவது பிட்டைச் சுழியமாக்கிவிடுவது முறையான நடத்தையாகவே கருதப்பட்டது.

அதன் விளைவைப் புணே என்ற பெயரைக் கொண்டே கணக்கிட்டுப் பார்க்கலாம். மராத்தியில் எழுதப்படும் அப்பெயர் இஸ்கியில் 200, 221, 193, 225 என்ற நான்கு பைட்டுகளாகும். ஒவ்வொன்றிலும் எட்டாவது பிட்டை நீக்கினால், அதாவது 128ஐக் கழித்தால், 72, 93, 65, 97 என்று எஞ்சும். ஏழு பிட் குறியீட்டில் அவை முறையே பெரிய எச், வலப்பக்கச் சதுர அடைப்புக்குறி, பெரிய ஏ, சிறிய ஏ ஆகியவற்றைக் குறிக்கும். ஊரின் பெயர் பொருளற்ற நான்கு குறிகளாகிவிடும்; மறுமுனையில் இருப்பவருக்கு எந்தப் பிட் போனது என்பதை அறியவும் வழியில்லை. மொழி ஆவணங்களுக்கு மட்டுமல்ல, படம், ஒலி, கணக்குத்தாள், நிரல் என எட்டு பிட்டையும் பயன்படுத்தும் கோப்பு எதற்கும் இதே கதிதான்.

எனவே கோப்பைக் கோப்பாக அனுப்ப முடியாது. அதை ஆங்கில எழுத்துகளாக மாற்றியே அனுப்ப வேண்டும். 1980இல் மேரி ஆன் ஹார்ட்டன் எழுதிய யூயூஎன்கோடு என்னும் நிரல் இதைச் செய்தது. 1992 ஜூனில் நத்தானியேல் போரன்ஸ்டைனும் நெட் ஃபிரீடும் வெளியிட்ட மைம் என்னும் தரம் அதற்கு உலகப் பொதுவான வடிவத்தைக் கொடுத்தது. (அந்த முறையில் மார்ச் மாதத்திலேயே போரன்ஸ்டைன் அனுப்பிய முதல் இணைப்புகளில், அவர் பாடிவந்த நால்வர் பாடற்குழுவின் படமும் பாட்டும் இருந்தன.) மைம் முறையில் ஒரு கடிதம் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே நீண்ட உரைதான். அதன் நடுவே எல்லைக் குறியாக ஒரு தனித்த சொற்சரம் வரும்; ஒவ்வோர் எல்லைக்கும் பின்னே அடுத்த பகுதி எந்த வகையைச் சேர்ந்தது, அதன் கோப்புப் பெயர் என்ன, அது எம்முறையில் எழுத்தாக்கப்பட்டது என்ற குறிப்புகள் வரும்; அவற்றின் கீழே எழுத்தாக்கப்பட்ட கோப்பு வரிவரியாக நிற்கும். அஞ்சல் நிரல்கள் காட்டும் காகிதப் பற்றி வடிவம் திரையில் வரையப்படும் அடையாளம் மட்டுமே. கடிதத்துக்குள் கோப்பென்று தனிப்பொருள் ஏதும் இல்லை.

எழுத்தாக்கத்துக்குப் பெரும்பாலும் பயன்படுவது பேஸ்64. மூன்று பைட்டுகளின் 24 பிட்டுகளை ஆறு ஆறாக நான்கு கூறுகளாக்கி, ஒவ்வொரு கூற்றுக்கும் 64 பாதுகாப்பான எழுத்துகளில் ஒன்றைக் கொடுப்பது அதன் வழி. தமிழ் எழுத்துகளுக்கு இதில் ஒரு வசதியான தற்செயல் உண்டு: இன்று பரவலாக உள்ள யூடிஎஃப்-8 முறையில் யூனிகோடு தமிழ்க் குறி ஒவ்வொன்றும் சரியாக மூன்று பைட்டுகளே எடுப்பதால், தொகுதியின் தொடக்கத்தில் விழும் 'ப' என்ற எழுத்து பேஸ்64இல் எப்போதும் நான்கு, பெரிய கே, ஆறு, சிறிய கியூ என்ற நான்கு குறிகளாகவே வரும். மூன்று நான்காவதால் கோப்பின் அளவு மூன்றில் ஒரு பங்கு கூடும். 76 எழுத்துகளுக்கு ஒருமுறை வரியை முறிக்க வேண்டியிருப்பதால் இன்னும் சற்று கூடி, 10 மெகாபைட் ஆவணம் அஞ்சலில் சுமார் 13.7 மெகாபைட் ஆகிவிடும்.

இந்த உரைத்தொடருக்குள் புகுந்து ஓர் எழுத்தை மட்டும் மாற்ற முடியாதா என்ற வினா இங்கே எழும். எளிய உரைக்கோப்பாக இருந்தால், கோட்பாட்டளவில், சிறிதளவு மட்டுமே மாறும். ஆனால் வேர்டு 2007 முதல் வழங்கிவரும் ஆவண வடிவம் உண்மையில் ஒரு சிப் பொதி. உரை ஒரு கோப்பாகவும், பாணிகள் வேறொன்றாகவும், படங்கள் தனித்தனியாகவும் சுருக்கப்பட்டு அதற்குள் அடைந்திருக்கின்றன. சுருக்கும் முறை, முன்பு வந்த சொற்றொடரை மீண்டும் எழுதாமல் அது முன்னே எங்கு வந்தது என்பதை மட்டும் குறிப்பது. ஆகவே ஓர் எழுத்து மாறினாலும் அதன்பின் வரும் பிட்டுகளின் அடுக்கே மாறலாம். அத்துடன் ஒவ்வோர் உட்கோப்புக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட சரிபார்ப்பு எண்ணும், பொதியின் இறுதியில் எந்த உட்கோப்பு எத்தனையாவது பைட்டில் தொடங்குகிறது என்ற பட்டியலும் உண்டு. அவையும் மாற வேண்டும். மொத்த நீளம் ஒரு பைட் கூடினாலும் பேஸ்64இன் மும்மூன்றுத் தொகுப்புகள் இடம்பெயர்ந்து, அவ்விடத்துக்குப் பின்வரும் வரிகள் எல்லாமே வேறாகிவிடும். ஆகவே திருத்தும் நிரல் இணைப்பை முழுதாக அவிழ்த்து, நினைவகத்திலோ வட்டிலோ விரித்து, மாற்றி, மீண்டும் முழுதாகக் கட்டியே தீர வேண்டும்.

கட்டியதைப் பழைய கடிதத்துக்குள் வைப்பதற்கு இன்னொரு தடை இருக்கிறது. அது பொறியியல் இயலாமையால் அன்றி விதியால் வருவது. வழங்கியில் தங்கியிருக்கும் அஞ்சலைப் பல கருவிகளிலிருந்து படிக்க உதவும் ஐமேப் நெறிமுறையை 1986இல் ஸ்டான்ஃபோர்டில் மார்க் கிறிஸ்பின் வடிவமைத்தார். அதில் ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு தனியெண் தரப்படுகிறது. ஒரு தனியெண்ணுக்குரிய கடிதத்தின் அளவும் அமைப்பும் உள்ளடக்கமும் ஒருபோதும் மாறக் கூடாது என்பது அந்நெறிமுறையின் கட்டளை. படித்தது, பதிலளித்தது போன்ற அடையாளங்களை மாற்றலாம். உடலைத் தொடக் கூடாது. கைப்பேசி ஏற்கெனவே இறக்கி வைத்திருக்கும் கடிதத்தை மீண்டும் இறக்கத் தேவையில்லை என்று நம்புவதற்கு இந்த உறுதியே அடிப்படை. எனவே இணைப்பைத் திருத்திச் சேர்க்க விரும்பும் நிரல், திருத்திய இணைப்போடு முற்றிலும் புதிய கடிதம் ஒன்றை வழங்கியில் சேர்த்துவிட்டு, பழையதை நீக்கத்துக்கு உரியதெனக் குறித்து, பிறகு அழிக்கிறது. பத்திரப் பதிவு அலுவலகத்தில் பதிவான பத்திரத்தை அடித்துத் திருத்தாமல் பிழைதிருத்தல் பத்திரம் ஒன்றைப் புதிதாகப் பதிவது போன்றது இது. வேறுபாடு, இங்கே மூலப் பத்திரமும் மறைந்துவிடுகிறது.

மைக்ரோசாஃப்டின் அவுட்லுக் இந்தப் பொதுநிலைக்கு ஒரு பகுதி விலக்கு. அதனுடன் இயங்கும் எக்ஸ்சேஞ்ச் வழங்கி கடிதத்தை உரைத்தொடராக வைக்காமல் தரவுத்தளத்தில் பண்புகளின் தொகுப்பாக வைக்கிறது. இணைப்பு அங்கே தனிப்பண்பாக, எட்டு பிட் வடிவிலேயே கிடப்பதால், அதை மட்டும் மாற்றி எழுத இடமுண்டு. 2003 வரையிலான பதிப்புகளில் இணைப்பைத் திறந்து திருத்திச் சேமித்தால் கடிதத்துக்குள்ளேயே மாற்றம் போய்ச் சேரும். 2007 முதல் இணைப்புகள் படிக்க மட்டுமே என்ற நிலையில் திறக்கின்றன. கணினியில் நிறுவப்படும் வழக்கமான அவுட்லுக்கில், கடிதத்தைத் தனிச் சாளரத்தில் திறந்து, 'செயல்கள்' பட்டியலில் செய்தியைத் திருத்து என்ற கட்டளையை முதலில் கொடுத்து, அதன்பின் இணைப்பைத் திறந்து மாற்றிச் சேமித்து, கடைசியில் கடிதத்தையும் சேமித்து மூட வேண்டும். இந்த ஒழுங்கில் முதற்படி தவறினால் எஞ்சிய படிகள் எல்லாம் செய்தும் பயனில்லை. அதை எச்சரிக்காத வடிவமைப்பைக் குறைபாடு என்றே சொல்ல வேண்டும்.

அப்படித் தவறியவர்களின் திருத்தம் எங்கே போகிறது என்பதற்கு விடை, விண்டோஸின் பயனர் கோப்புறைக்குள் ஆழமாக மறைந்திருக்கும் கன்டென்ட் அவுட்லுக் என்ற தற்காலிகக் கோப்புறை. அதற்குள் பொருளற்ற எழுத்துகளால் பெயரிடப்பட்ட உட்கோப்புறை ஒன்று இருக்கும். இணைப்பைச் சொடுக்கிய கணத்தில் அவுட்லுக் அதன் நகலை அங்கே எழுதி, வேர்டுக்கு அந்த நகலைத்தான் காட்டுகிறது. வேலை ஒழுங்காக முடிந்தால் நகல் நீக்கப்படும். ஆவணம் திறந்திருக்கும்போதே அவுட்லுக் மூடப்பட்டால் அங்கேயே தங்கிவிடும். ஒரே பெயருடைய இணைப்புகள் மீண்டும் மீண்டும் திறக்கப்பட்டு நகல்கள் தேங்கினால் பெயருக்குப் பின் 002, 003 என்று எண்கள் ஏறும். 99 நகல்களுக்குமேல் கோப்பை உருவாக்க முடியவில்லை என்று அவுட்லுக் மறுத்ததும் உண்டு. அலுவலகங்களில் சுற்றிவரும் ஆவணங்களின் பெயருக்குப் பின்னால் யாரும் இடாத இந்த எண்கள் தொங்குவதன் காரணம் இதுவே. தொலைந்த திருத்தத்தைத் தேடுவோருக்கு அந்தக் கோப்புறை வரம். ஊதியப் பட்டியலையோ மருத்துவ அறிக்கையையோ பொதுக் கணினியில் திறந்து பார்த்துவிட்டு எதையும் சேமிக்கவில்லை என்று நிம்மதியாக எழுந்து போனவருக்கு அதே கோப்புறை ஆபத்து.

படிக்க மட்டுமே என்ற கட்டுப்பாட்டுக்குப் பாதுகாப்பும் ஒரு காரணம். இணையத்திலிருந்து வந்த கோப்பை விண்டோஸ் வட்டில் எழுதும்போது, அதன் உள்ளடக்கத்தைத் தொடாமல், எந்த மண்டலத்திலிருந்து வந்தது என்ற சிறு குறிப்பைக் கோப்போடு ஒட்டி வைக்கிறது. இணைய மண்டலத்தின் எண் 3. அக்குறிப்பைக் காணும் வேர்டும் எக்செல்லும் ஆவணத்தைப் பாதுகாக்கப்பட்ட காட்சி என்னும் அடைப்பில் திறக்கின்றன. ஆவணத்தில் பதுங்கியிருக்கக்கூடிய தீய நிரல், திருத்தத்தை அனுமதிக்கும் பொத்தானைப் பயனர் அழுத்தும்வரை வெளியே கைநீட்ட முடியாது. சேமிக்காமல் திருத்த விரும்புபவர் முதலில் அழுத்துவது அந்தப் பொத்தானைத்தான் என்பதால், வசதியும் எச்சரிக்கையும் ஒரே சொடுக்கில் மோதுகின்றன.

இந்திய மொழி ஆவணங்களுக்கு இன்னொரு சிக்கலும் புணேயிலிருந்தே தெரிந்துகொள்ளத்தக்கது. அந்நகரின் மாடுலர் இன்ஃபோடெக் நிறுவனம் உருவாக்கிய ஸ்ரீலிபி, மராத்தி இதழ்களில் மட்டுமன்றித் தமிழ்ப் பதிப்பகங்களிலும் அச்சகங்களிலும் நீண்ட காலம் கோலோச்சிய மென்பொருள். யூனிகோடு பரவுவதற்கு முந்தைய அத்தகைய எழுத்துருக்களில், கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் உரிய எண்களே. எழுத்துரு அவற்றின்மேல் மராத்தி அல்லது தமிழ் வடிவத்தைப் போர்த்துகிறது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் இணைப்பைத் திறந்தால் வெறும் குறிக்குவியல்தான் தெரியும். அதைவிடக் கொடியது, திறந்தவர் அப்படியே ஒரு தேதியை மட்டும் மாற்றிச் சேமிப்பது: வாக்கியத்தின் முதலெழுத்தைப் பெரிதாக்கும் வேர்டின் தானியங்கித் திருத்தம் இடையில் புகுந்தால், சிறிய எழுத்தின் எண் பெரிய எழுத்தின் எண்ணாகி, ஸ்ரீலிபி உள்ள கணினியில் திரும்பத் திறக்கும்போது ஒரு தமிழ் எழுத்து வேறொன்றாக நிற்கும். மெய்ப்புத் திருத்துநர் கண்ணில் பட்டால் உண்டு, இல்லையேல் அச்சேறிவிடும்.

உலாவியிலேயே திருத்தும் முறை இந்தத் தொல்லைகளில் சிலவற்றைத் தீர்க்கிறது. ஆனால் நகலை ஒழிக்கவில்லை, இடம் மாற்றுகிறது. 2020 டிசம்பரில் கூகுள் அறிவித்த வசதியின்படி, ஜிமெயிலில் வந்த வேர்டு, எக்செல் இணைப்புகளை ஒரே சொடுக்கில் திருத்தத் திறக்கலாம். திருத்திய கோப்பை அதே வடிவில் இணைத்து, மூல உரையாடலுக்கே பதில் அனுப்பலாம். அந்தச் சொடுக்கின்போது இணைப்பின் நகல் ஒன்று பயனரின் கூகுள் டிரைவ் சேமிப்பகத்தில் வைக்கப்படுகிறது; வந்த கடிதம் வந்தபடியே இருக்கிறது. சென்னையில் வேரூன்றிய சோகோ நிறுவனம் 2005 முதல் நடத்திவரும் ரைட்டர் என்னும் ஆவணம் எழுதும் மென்பொருளும் அந்நிறுவனத்தின் அஞ்சல் சேவையும் ஒரே கூரையின் கீழ் இயங்குவதும் இத்தகைய ஏற்பாடே. தேசியத் தகவலியல் மையம் நடத்திவந்த மத்திய அரசின் மின்னஞ்சல் கணக்குகள், சுமார் 12 லட்சம் ஊழியர்களுடையவை, சோகோவின் மேடைக்கு மாறியதாக 2025இல் வெளியான செய்திகளை இந்தக் கோணத்திலும் படிக்கலாம்: இணைப்பைத் திருத்தும் அலுவலரின் நகல் அவர் மேசைக் கணினியின் மறைகோப்புறையில் கிடப்பதா, நாட்டுக்குள் உள்ள ஒரு வழங்கியில் கணக்கில் வைக்கப்பட்டுக் கிடப்பதா என்ற தேர்வும் அதில் அடங்கியிருக்கிறது. இரண்டில் பின்னதே மேல், அந்த வழங்கியைக் காப்பவர் நம்பிக்கைக்கு உரியவராக இருக்கும்வரை.

மூலம் மாறாமல் இருப்பதன் மதிப்பு, ஆவணம் சான்றாகும்போதுதான் முழுதாகத் தெரிகிறது. அஞ்சலை அனுப்பும் வழங்கி, கடிதத்தின் உடலிலிருந்து சாற்றெண் ஒன்றைக் கணக்கிட்டு, அதில் கையொப்பமிட்டுத் தலைப்பில் சேர்க்கிறது. டிக்கிம் எனப்படும் இம்முறை 2007இல் தரமாக்கப்பட்டது. சாற்றெண் என்பது எவ்வளவு பெரிய தரவையும் குறித்த நீளமுள்ள எண்ணாகச் சுருக்குவது. தரவில் ஒரு பிட் மாறினாலும் எண் அடையாளம் தெரியாமல் மாறும். இணைப்பைக் கடிதத்துக்குள்ளேயே திருத்திச் சேமித்தால் அந்தக் கையொப்பம் அதன்பின் ஒத்துப்போகாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவு, மின்னணு ஆவணத்தை நீதிமன்றத்தில் முன்வைக்கும்போது கொடுக்கும் சான்றிதழில் அதன் சாற்றெண்ணையும் குறிக்கச் சொல்கிறது. வழக்குக்குப் போகக்கூடிய கடிதத்தின் இணைப்பில் எழுத்துப்பிழையைத் திருத்துவதுகூட நல்லெண்ணத்தால் செய்யும் தீங்காகலாம்.

இந்த இடத்தில் சிடாக் மீண்டும் வருகிறது. அந்நிறுவனம் நடத்தும் இ-ஹஸ்தாக்ஷர் சேவையின் வழியே, ஆதார் சரிபார்ப்பைக் கொண்டு பொதுமக்கள் இணையத்தில் மின்கையொப்பம் இடலாம். கையொப்பத்துக்காகச் சேவையிடம் போவது ஆவணம் அன்று, அதன் சாற்றெண் மட்டுமே. ஒருமுறைப் பயனுக்கெனச் சாவி ஒன்று உருவாக்கப்பட்டு, கையொப்பம் இட்டதும் அழிக்கப்படுகிறது; அந்தச் சாவிக்கு வழங்கப்படும் மின்சான்றிதழின் ஆயுள் அரை மணி நேரம். அவ்வாறு கையொப்பமிட்ட பிடிஎஃப் கோப்பு அஞ்சலில் இணைப்பாக வரும்போது, அதைத் திறந்து குறிப்பெழுதும் முறையான நிரல், வேர்டைப் போல ஆவணத்தை முழுதாக மீண்டும் கட்டாமல், பழைய பைட்டுகளை வந்தபடியே விட்டு, மாற்றங்களைக் கோப்பின் வாலில் சேர்க்க முடியும். பிடிஎஃப் வடிவம் அதற்கு இடம் தருகிறது. கையொப்பம் எந்தப் பைட் முதல் எந்தப் பைட் வரை பொருந்தும் என்பது கோப்பிலேயே எழுதப்பட்டிருப்பதால், கையொப்பத்துக்குப் பின் மாற்றம் சேர்ந்திருப்பதைப் படிப்பான் நிரல் சுட்டிக்காட்டும். வாலை வெட்டிவிட்டால், கையொப்பமிட்ட நாளில் இருந்த ஆவணம் ஒரு பைட்டும் குறையாமல் திரும்பக் கிடைக்கும்.